ஏழடி ராடு, ஒரு பெய்ட்காஸ்டர் ரீல்: இரண்டு சீசன் தேய்த்த பிறகு

மீன்பிடி ரீலைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே விமர்சனம் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. பெட்டிக்குள் இருக்கும்வரை எல்லா ரீலும் நல்ல ரீல்தான். கைப்பிடியைச் சுற்றினால் சத்தமே இருக்காது, உள்ளே புது எண்ணெய் வாசம் அடிக்கும், நமக்கும் வாங்கிய பூரிப்பு இருக்கும். அதன் யோக்கியதை தெரிய வேண்டுமானால் மழையில் நனைய வேண்டும், மணலில் ஒரு தடவை விழ வேண்டும், ஒரு பெரிய மீன் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் என் காம்போவுக்கு நடந்துவிட்டன. அதனால் இப்போது எழுதலாம் என்று தோன்றியது.

காம்போ என்றால் தூண்டில் கோலான ராடும், லைனை, அதாவது தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலும் ஒரே பெட்டியில் வருவது. தனித்தனியாகப் பார்த்து வாங்குவதைவிடச் செலவு குறைவு, பொருத்தம் பார்க்கும் தலைவலியும் கிடையாது. என்னுடையது ஏழடி நீளம், மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடக் கொஞ்சம் வலுவானது), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் கிராஃபைட் ராடு. ரீல் தட்டையான உடம்புள்ள பெய்ட்காஸ்டர், கியர் விகிதம் 7.1:1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் மேல்), ஸ்பூலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக் காந்த பிரேக். பாஸ் மீன் பிடிக்கிறவர் யாரைக் கேட்டாலும் ‘முதலில் இதைத்தான் வாங்கு’ என்று சொல்லும் அளவுகள். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே ஒரு குறை வருகிறது. என் கைக்கு வந்த ஒரே ஒரு ரீலை வைத்து ஒரு கம்பெனியைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அதோடு, நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த அளவில் வரும் எந்தக் காம்போவுக்கும் பொருந்தும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தது பேரிங் எண்ணிக்கை. அதை நான் படிப்பதே இல்லை. பத்து மட்டமான பேரிங்கைவிட நாலு நல்ல பேரிங் மேல். அதிலும் லைன் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைத் தாங்கும் இரண்டும் சுத்தமாக இருந்தாலே இரை தூரம் போகும். இன்னொரு பெருமை எட்டு கிலோ டிராக், அதாவது மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிடியின் வலு. பதினைந்து பவுண்டு லைன் கட்டப்போகிறவனுக்கு எட்டு கிலோ டிராக் எதற்கு? அந்த லைன் அறுவதே ஏழு கிலோவுக்குள்தான்.

சரி, ரீலுக்கு வருவோம். பெய்ட்காஸ்டர் என்றாலே முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சிக்கு விழுமா? விழும். விழாத பெய்ட்காஸ்டர் இன்னும் பிறக்கவில்லை. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்கும், லைன் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். இதில் ஸ்பூலே சுற்றுகிறது. எறிந்த இரை காற்றில் போகப்போக வேகம் குறையும். ஸ்பூலுக்கு அது தெரியாது, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். இரை கேட்காத லைனையும் வெளியே தள்ளும். தள்ளிய லைன் போக வழியில்லாமல் ஸ்பூலுக்கு மேலேயே குவிந்து குருவிக்கூடு கட்டிவிடும்.

இந்த ரீலை ஒரு புதுக்கை எப்படிப் பிடிக்கும் என்று பார்க்க, அக்கா மகனிடம் கொடுத்தேன். அவன் அதுவரை ஸ்பின்னிங் ரீல் மட்டும்தான் தொட்டிருக்கிறான். வேகமாகத் தோளுக்கு மேலே கொண்டுபோய் ஒரே வீச்சு. இரை ஐந்தடி தள்ளித் தண்ணீரில் விழுந்தது. ரீலுக்குள் கைப்பிடி அளவுக்கு ஒரு பந்து.

“மாமா, இது லைனை உள்ளேயே கொட்டுது!”

“கட்டைவிரலை எடுத்துட்டியா?”

“எடுக்காம எப்படி மாமா எறியறது?”

கேள்வி நல்ல கேள்வி. பெய்ட்காஸ்டரின் முழுப் பாடமும் அதற்குள்தான் இருக்கிறது. விரலை எடுப்பதில்லை. எறியும் நொடியில் அழுத்தத்தை மட்டும் விடுகிறோம். ஓடும் ஸ்பூலின் மேல் விரல், ஈ உட்கார்ந்த மாதிரி பட்டும் படாமலும் இருக்க வேண்டும். லைன் தளர்ந்து மேலே எழும்பினால் விரலில் கூச்சம் தெரியும், அப்போது ஒரு இழை அழுத்தினால் போதும். இரை தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் முழுசாக அழுத்தி நிறுத்திவிட வேண்டும். சிக்கில் பாதி விழுவது எறியும்போது இல்லை, இரை தண்ணீரில் விழுந்த பிறகும் ஸ்பூலைச் சுற்ற விடுவதால். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரீலைப் பற்றி வரும் புகார்களில் முக்கால்வாசியும் கட்டைவிரலைப் பற்றியவைதான்.

அதற்காக எல்லாப் பழியையும் விரல் மேல் போடவும் முடியாது. ரீலை முறையாகச் சரிசெய்யாமல் எறிந்தால் எந்த விரலும் காப்பாற்றாது. நான் செய்வது இது. அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் எடையுள்ள ஒரு இரையைக் கட்டுவேன். ராடைக் கொஞ்சம் மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகை இறுக்கிவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் விரல்கட்டையை அமுக்குவேன். இரை அசையாது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால், ஒரு கட்டத்தில் இரை மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். அது தரையைத் தொட்டதும் ஸ்பூலும் கூடவே நிற்க வேண்டும். ஒரு சுற்றுக்கு மேல் ஓடினால் இன்னும் சிறிது இறுக்க வேண்டும். இரையை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் வாங்கிய அன்று ஒரு தடவை செய்வதோடு சரி.

மறுபக்கம் இருக்கும் காந்த பிரேக்குக்குப் பத்து எண்கள். புதியவர் எட்டில் தொடங்கட்டும். தூரம் குறையும், குறையட்டும். ஒரு மணி நேரம் சிக்கில்லாமல் எறிந்தால் ஏழுக்கு வரலாம். நான் இப்போது மூன்றில் வைக்கிறேன். எதிர்க்காற்று அடித்தால் வெட்கப்படாமல் ஆறுக்கு ஏற்றுவேன். இந்த ரீலில் இந்த பிரேக் ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. எண்ணுக்கு எண் வித்தியாசம் விரலுக்குத் தெரிகிறது. இதற்கு முன் வைத்திருந்த ஒரு ரீலில் ஒன்றில் வைத்தாலும் பத்தில் வைத்தாலும் ஒரே கதைதான்.

அக்கா மகனுக்கு இன்னும் இரண்டு வேலை சொல்லிக்கொடுத்தேன். முதலாவது, எறியக்கூடிய தூரத்தைவிடப் பத்தடி கூடுதலாக லைனை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மீதி இருக்கும் லைன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மறுபடி சுற்றிக்கொள்வது. எவ்வளவு மோசமான சிக்கு விழுந்தாலும் டேப்பைத் தாண்டி உள்ளே போகாது. கற்றுக்கொள்ளும் முதல் மாதத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு. இரண்டாவது, சிக்கு விழுந்ததும் நகத்தால் கண்ணி கண்ணியாகப் பிடுங்கக் கூடாது. சிக்கின் மேலேயே கட்டைவிரலை நன்றாக அழுத்திக்கொண்டு, கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும். அப்புறம் விரல்கட்டையை அமுக்கி லைனை நிதானமாக இழுத்தால் பெரும்பாலான சிக்கு தானாகக் கழன்று வந்துவிடும். அவன் இதை ஏதோ மாயவித்தை மாதிரி பார்த்தான். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வித்தையை அவனே இருபது தடவை செய்ய வேண்டி வந்தது என்பது வேறு விஷயம்.

ராடு. இந்தக் காம்போவில் நல்ல பாதி இதுதான். ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்றால் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளையும், கீழே கட்டை மாதிரி விறைப்பாக நிற்கும். புழு மாதிரி அடியில் ஊரும் இரைகளுக்கு இதுதான் வேண்டும். ஈயம் கல்லில் இடித்தால் ஒரு மாதிரி, கிளையில் ஏறி இறங்கினால் ஒரு மாதிரி, சேற்றில் இழுபட்டால் ஒரு மாதிரி என்று கைக்கு வேறுவேறாகத் தெரிகிறது. ராடின் மேல் ‘கால் அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் வரை’ என்று எழுதியிருப்பதை ஈயத்தின் எடை என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். அது மொத்த எடை. ஐந்து கிராம் ஈயம் கட்டினாலும், அதோடு வரும் பருமனான ஐந்து அங்குல பிளாஸ்டிக் புழு தனியாக எட்டு ஒன்பது கிராம் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் இந்த ராடுக்கு அளவான எடைதான்.

வாங்கிப் பதினான்கு மாதத்தில் லைன் இரண்டு தடவை காரணமில்லாமல் அறுந்தது. முடிச்சு இருக்கும் இடத்தில் இல்லை, நடுவில். லைனைத் திட்டிவிட்டுப் புதுசு மாற்றினேன், அதுவும் அறுந்தது. அப்புறம்தான் புத்தி வந்து, கொஞ்சம் பஞ்சை எடுத்து, ராடில் லைன் ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து மூன்றாவது வளையத்தில் பஞ்சின் இழை சிக்கி நின்றது. கண்ணுக்குத் தெரியாத முடி அளவு விரிசல். அந்த விரிசல்தான் கத்தி மாதிரி லைனைச் சீவிக்கொண்டிருந்தது. குற்றம் என்னுடையது, ராடைப் படகின் தரையில் போட்டு மிதித்தவன் நான்தான். வளையத்தை மாற்றிக் கட்டினேன், தீர்ந்தது. மாதம் ஒரு தடவை இந்தப் பஞ்சுச் சோதனையைச் செய்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

இனி குறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

போன சீசன் ஆரம்பத்தில், பனி விலகாத ஒரு காலை. கரையோரம் ஒரு மரம் சாய்ந்து பாதி உடம்பு தண்ணீருக்குள் கிடக்கும். அதன் நிழலில் பெரிய வாய் பாஸ் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், முந்தின வாரம் அது சின்ன மீன்களை விரட்டித் தண்ணீரைக் கிளறியதைப் பார்த்திருந்தேன். டெக்ஸாஸ் முறையில் புழுவைக் கட்டினேன். புல்லட் வடிவ ஈயத்தை லைனில் கோத்து, 3/0 அளவு வளைந்த முள்ளைக் கட்டி, புழுவின் தலையில் முள்ளைக் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, முனையை மறுபடி புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடும் கட்டு அது. முள் வெளியே நீட்டாததால் கிளையில் மாட்டாது. மரத்துக்குள் எறிய இதைவிட நல்ல கட்டு எனக்குத் தெரியாது.

எறிந்தேன். கிளைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. நான் எப்போதும் புழு இறங்கும்போது மனசுக்குள் எண்ணுவேன். அந்த இடத்தில் அடி தொட ஐந்து எண்ண வேண்டும். மூன்று எண்ணும்போதே லைன் நின்றுவிட்டது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை, இழுப்பு இல்லை, தட்டல் இல்லை. பாஸ் இரையைக் கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். கைக்குத் தெரிவதற்கு முன் கண்ணுக்குத்தான் தெரியும். தண்ணீரைத் தொடும் இடத்தில் லைன் மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. ராடைத் தாழ்த்தி, தளர்ந்த லைனை இரண்டு சுற்றில் எடுத்து, ஓங்கி இழுத்தேன்.

ஒரு கணம் கனம் தெரிந்தது. அடுத்த கணம் கைப்பிடி என் விரலை இடித்துக்கொண்டு பின்பக்கமாகக் கால் சுற்று சுற்றியது. லைன் தொய்ந்தது. மீன் மேலே வந்து வாயை அகலத் திறந்து ஒரு உலுக்கு உலுக்கியது, புழு ஒரு பக்கம் பறந்தது. அந்த வாயை நான் நன்றாகப் பார்த்தேன். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. என் முஷ்டி உள்ளே போயிருக்கும். ஐந்து நிமிடம் நான் ஒன்றும் செய்யவில்லை, ராடை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பின்பக்கம் சுற்றக் கூடாது, அதுதான் ரீலின் முதல் ஒழுக்கம். கைப்பிடித் தண்டைச் சுற்றி ஒரு வளையத்துக்குள் ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் இருக்கும். முன்னால் சுற்றும்போது அவை வழிவிடும், பின்னால் சுற்ற முயன்றால் சரிவான பள்ளத்தில் போய் இறுகி ஆப்பு அடித்த மாதிரி தடுத்துவிடும். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், அந்த உருளைகளின் மேல் தொழிற்சாலையிலேயே கெட்டி கிரீஸ் அப்பியிருந்தது. குளிரில் கிரீஸ் இன்னும் இறுகும். உருளைகளைத் தள்ளும் இத்தனூண்டு ஸ்பிரிங்குக்கு அந்த கிரீஸை மீறித் தள்ளத் தெம்பில்லை. வெயில் ஏறிய பிறகு எல்லாம் சரியாக வேலை செய்யும். அதனால்தான் முதல் சீசன் முழுக்க எனக்கு இது தெரியவே இல்லை.

கம்பெனிக்கு எழுதினேன். ரசீதோடு ரீலை அனுப்புங்கள், தேய்மானம் உத்தரவாதத்தில் சேராது என்று இரண்டு வரி பதில் வந்தது. என்னிடம் ரசீது இல்லை. நானே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு உருளையையும் துடைத்து, ஊசிமுனை அளவு மெல்லிய எண்ணெயை மட்டும் தொட்டு வைத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு இழை கூடப் பின்னால் போகவில்லை. ஆக, குறை வடிவமைப்பில் இல்லை, பூட்டின கையில். ஆனால் விலை கொடுத்து வாங்கியவன் திறந்து துடைத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் அதற்கு மதிப்பெண் குறைக்காமல் விட முடியாது. நீங்கள் எந்த ரீல் வாங்கினாலும், அதிகாலைக் குளிரில் ஒரு தடவை வெளியே வைத்து, கைப்பிடியை முன்னும் பின்னும் வெடுக்கென்று ஆட்டிப் பாருங்கள். கடைக்குள் சோதித்தால் தெரியாது. ரீலை எண்ணெயில் குளிப்பாட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கியருக்கு கிரீஸ், பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய், இந்த உருளைகளை முடிந்தவரை விட்டுவிடுங்கள்.

டிராக் நன்றாக இருக்கிறது. தராசுக் கொக்கியில் லைனை மாட்டி இழுத்துப் பார்த்தேன், நடுக்கமில்லாமல் ஓடுகிறது. பதினைந்து பவுண்டு லைனுக்கு இரண்டு கிலோவில் வைத்திருக்கிறேன், அதாவது லைன் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே. நாள் முடிந்ததும் டிராக்கைத் தளர்த்திவிட்டுத்தான் ராடை வைப்பேன். இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அமுங்கி, அடுத்த மீனுக்கு விட்டுவிட்டு ஓடும்.

பெட்டியோடு வந்த நைலான் நரம்பை முதல் நாளே கழற்றிவிட்டேன். சுற்றிவைத்த சுருளை மறக்காத நரம்பு அது. புழுவுக்கு நான் கட்டுவது பதினைந்து பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது என்று விற்கிறார்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருடையது 1.33, நைலானைவிடத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கலங்கிய தண்ணீரில் மரக்கிளைக்கு நடுவே அந்த வித்தியாசத்தைப் பாஸ் கணக்குப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் அதைக் கட்டுவதற்கு வேறு காரணங்கள். அது தண்ணீரில் மூழ்கும், கல்லில் உரசினால் சீக்கிரம் தேயாது, சேதியும் கைக்கு வந்து சேரும். ஆனால் கெட்ட சிக்கு விழுந்து ஒரு இடத்தில் மடங்கிவிட்டால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். பார்க்கச் சின்னக் கோடுதான், மீன் மாட்டினால் அங்கேதான் அறும். முடிச்சுப் போடும்போதும் எச்சில் தொட்டு நனைத்துவிட்டு மெதுவாக இறுக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டிலேயே வலு போய்விடும். பாலோமர் முடிச்சு போதும், வேறெதையும் கற்றுக்கொள்ளச் சோம்பலாக இருப்பவர்களுக்கு.

பிரெய்டு, அதாவது பின்னல் லைன் கட்டுகிறவர்கள் அடியில் பத்துச் சுற்றாவது நைலான் நரம்பு சுற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வழவழப்பான ஸ்பூல் மேல் பிரெய்டு முழுசாக வழுக்கிச் சுற்றும், டிராக் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ரீலைப் பிரித்துப் போடுவீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அப்படித் தொலைத்தவன்.

இந்தக் காம்போவுக்கு ஒத்துவராத வேலைகளும் உண்டு. ஆழம் போகும் கிராங்க்பெய்ட்டை, அதாவது மூக்கு வைத்த மீன் வடிவ இரையை, இதில் இழுக்காதீர்கள். முதலில், 7.1 விகிதத்தில் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் லைன் வரும். பெரிய மூக்குள்ள இரையை அந்த வேகத்தில் இழுத்தால் மணிக்கட்டு கழன்றுவிடும். அதைவிட முக்கியம், அந்த இரைகளில் இருப்பது மெல்லிய மூன்றுமுனை முட்கள். விறைப்பான ராடில் ஓங்கி இழுத்தால் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், மீன் குதித்தாலும் கழன்றுவிடும். அதற்கு நடுவரை வளையும் மெத்தென்ற ராடும் ஐந்து சொச்சம் விகிதமுள்ள ரீலும் வேண்டும். ஏழு கிராமுக்குக் கீழே உள்ள இரைகளுக்கும் இது சரிப்படாது, அதற்கு ஸ்பின்னிங் செட் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிவாதமாக எறிந்தால் வருவது தூரம் இல்லை, குருவிக்கூடுதான்.

பாசி மேல் ஓட்டும் தவளை வடிவ இரைக்கு இது பாதி சரி. ஐம்பது பவுண்டு பிரெய்டு கட்டித் திறந்த பாசியில் ஓட்டினால் ரீல் தாராளமாகத் தாங்குகிறது. அடர்ந்த பாசிக்குள் மீன் தலையைப் புதைத்துவிட்டால் இந்த ராடுக்குத் தூக்கும் தெம்பு பற்றாது, ஹெவி வேண்டும். தவளையில் தண்ணீர் வெடிக்கிற சத்தம் கேட்டவுடனே இழுக்கக் கூடாது. கனம் கைக்கு வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நானே இன்னும் பாதி நேரம் சத்தத்துக்குத்தான் இழுக்கிறேன்.

இதற்கு மேல் விலை உயர்ந்த ரீல் தேவையா என்று கேட்கிறார்கள். 1932-ல் ஜார்ஜ் பெர்ரி ஜார்ஜியாவில் மாண்ட்கோமரி ஏரியில் 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் பிடித்தார், உலக சாதனை. அன்று அவரும் கூட இருந்தவரும் ஒரே ராடையும் ரீலையும் மாற்றி மாற்றி எறிந்தார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சாதனையை இன்னொருவர் தொட 77 வருடம் ஆனது. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா ஒரு மீன் பிடித்தார், உயிருள்ள புளூகில் மீனை இரையாகப் போட்டு. அது பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் கூடுதல். சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூட இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. இடைப்பட்ட அத்தனை வருடத்தில் கிராஃபைட் வந்தது, காந்த பிரேக் வந்தது, பேரிங் எண்ணிக்கை பெட்டியின் மேலே வந்தது. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் விலை உயர்ந்த ரீல் உண்மையிலேயே மேல். லேசான இரையை அது அநாயாசமாக எறியும், ஸ்பூல் அவ்வளவு இலகுவாக இருக்கும். மற்றபடி என் மீன்களுக்கு இது போதுமாக இருந்தது. பிடித்த எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. கையை நனைத்துக்கொண்டு கீழ்தாடையைப் பிடித்து, பெரியதானால் வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை கொடுத்து, முள்ளை எடுத்து விட்டுவிடுவேன். தாடையை மட்டும் பிடித்துக் கிடையாகத் தூக்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கே தாடை வலிக்கும். தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டி முட்டையிடும் காலம் வந்தால், கரையோரக் கூட்டில் காவல் நிற்கும் ஆண் மீனை நான் சீண்டுவதில்லை. அதைத் தூக்கிய இரண்டு நிமிடத்துக்குள் சின்ன மீன்கள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும்.

மொத்தத்தில், பெய்ட்காஸ்டர் பழக நினைப்பவர், புழுவும் ஜிக்கும் ஸ்பின்னர்பெய்ட்டும் எறிபவர், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கப் பயமில்லாதவர் தாராளமாக வாங்கலாம். ராடுக்கு என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. ரீலுக்கு ஆறரை, அந்த கிரீஸ் இல்லாமல் வந்திருந்தால் எட்டு. கைப்பிடிக் குமிழின் திருகு இரண்டு தடவை கழன்றது, ஒரு சொட்டு பூட்டுப்பசை விட்டதும் நின்றது. அதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை.

இந்த வாரம் ரீல் என்னிடம் இல்லை. அக்கா மகன் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். எட்டில் வை என்று சொல்லி அனுப்பியிருந்தேன், நேராக மூன்றுக்கு இறக்கிவிட்டானாம். நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினான், கீழே ‘மாமா, இன்னிக்குப் பெருசு’ என்று எழுதி. மீன்தான் என்று ஆசையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். குருவிக்கூடு.